பஞ்சர் அக்காவும் சாக்பீஸ் எண்களும்

கடைத்தெரு திரும்பும் முனையில் டயர் அடுக்கிய கடை ஒன்று இருக்கிறது. உள்ளே தலையை நீட்டினால் முதலில் கண்ணில் படுவது காற்றடிக்கும் எந்திரம் இல்லை. அதற்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் ஒரு பட்டச் சான்றிதழ்தான். சட்டத்தின் ஓரமெல்லாம் கிரீஸ் பிசுக்கு. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்கூட அதைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. "யாரு, உங்க பொண்ணா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. பஞ்சர் அக்கா காற்றை நிறுத்திவிடுவாள்.

"எங்க வம்சத்துலயே காலேஜுக்குள்ள கால் வெச்ச முத ஆளுங்க. நான் எட்டாவதோட நின்னவ. அவங்க அப்பா அதுக்கும் முன்னாடியே நின்னவரு."

வந்தவர் டயரைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். அக்கா மூன்றாவது செமஸ்டருக்கு வந்திருப்பாள்.

மகளுக்கு இது மானம் போகிற விஷயம். "ஏம்மா, அதை வீட்ல மாட்டினா என்ன?" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"வீட்ல யாருடி வந்து பாக்கப்போறா? உங்கப்பா பகலெல்லாம் தூங்கறாரு. பல்லிக்குக் காட்டவா இவ்வளவு படிச்சே?"

அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி வெகுநாள் காலியாக இருந்தது. அது பஞ்சர் அக்காவே ஒருநாள் காலையில் எல்லார் முன்னாலும் அடித்த ஆணி. அங்கே மாட்டவேண்டிய படம் அப்போது எடுக்கப்படவே இல்லை. அந்த ஆணி அவளைப் படுத்திய பாடுதான் இந்தக் கதை.

கடைக்கு எதிரே ஒரு கல் வளைவு. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்ததாம், அதன் வாசல் இது. மதில் போய், காவல் போய், இது மட்டும் மிஞ்சிவிட்டது. அதன் மேல் சுவரொட்டி ஒட்டாத கட்சி இல்லை, அதன் நிழலில் வண்டி நிறுத்தாத ஆள் இல்லை. பஞ்சர் அக்கா அப்பாவிடமிருந்து கடையை வாங்கிக்கொண்ட நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே டியூப் ஒட்டியிருக்கிறாள். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வரலாறெல்லாம் தெரியாது. ஆனால் கெட்டுப்போன எதையும் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது. ஏழு ஒட்டுப் போட்ட டியூபை எடுத்துக்கொண்டு வருகிறவனிடம்கூட "இன்னும் ஒண்ணு தாங்கும்" என்பாள்.

அதனால்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து பேர் வந்து வளைவின் சுவரொட்டிகளைச் சுரண்டத் தொடங்கியபோது, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் இரண்டாவது வாரமே டயர் பிரிக்கும் கம்பியோடு இறங்கிவிட்டாள். மூன்றாவது வாரம் தண்ணீர் அவளுடையது, வாளி அவளுடையது, தேநீர் அவளுடையது. நான்காவது வாரம் கூட்டத்துக்கே அவள்தான் செயலாளர். கடை எதிரில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு தகுதி யாரும் கேட்கவில்லை.

ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் 'தேய்ப்புக் கூட்டம்'. பல் தேய்க்கும் பிரஷும் வெறும் தண்ணீரும்தான் ஆயுதம். கம்பி பிரஷ் போட்டால் கல்லின் தோல் உரிந்துவிடும் என்று கூட்டத்தில் இருந்த டிராயிங் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆளுக்கு ஒரு வரிசைக் கல். அவரவர் வரிசையை அவரவர்தான் தேய்க்க வேண்டும், அடுத்தவர் கல்லில் கை வைத்தால் சண்டை. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்ற மீட்டர் அண்ணன் ஒரு கல்லுக்கு 'மூக்கன்' என்று பெயர் வைத்தார், நடுவில் புடைத்திருக்கும் என்பதால். டீச்சருடைய வரிசையில் ஒன்றுக்கு 'மாமியார்' என்று பெயர். எவ்வளவு தேய்த்தாலும் முகம் தெளியாது.

பஞ்சர் அக்காவின் கணவருக்கு நூல் ஆலையில் இரவுக் காவல். ஞாயிறு காலையில் வேலை முடிந்து வரும்போது, தேநீர் தம்ளரோடு நேராக வளைவின் இடது காலுக்கு அடியில் போய், முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வார்.

"எந்திரிங்க, அந்தப் பக்கம் தேய்க்கணும்."

"நான் முதுகால தேய்ச்சுக்கிட்டுதானே இருக்கேன். சம்பளம் உண்டா?"

"வாயாலயே தேய்க்கறீங்க. பிரஷ் பிடிச்சா கை தேஞ்சிடுமா?"

"கல்லுக்குக் கால் பிடிச்சுவிடற கூட்டம்னு ஊரே சிரிக்குது. அதுல நானும் சேரணுமா? குடும்பத்துக்கு ஒருத்தர் போதும்."

மகளும் அப்போது பட்டம் வாங்கி வீட்டில் இருந்தாள். வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த நேரம். தேய்க்கிறவர்களை ஃபோனில் படம் எடுப்பாள். ஒருநாள் வாளியைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்: "நெஜமா கேக்கறேம்மா. இந்தக் கல்லு நின்னா நமக்கு என்ன? விழுந்தா நமக்கு என்ன?"

"வாளியைக் கீழ வை, தண்ணி சிந்துது" என்றாள் பஞ்சர் அக்கா. ஆனால் அந்தக் கேள்வி முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது. படித்த பிள்ளை கேட்கிறது, ஏதாவது இருக்கும் என்று தோன்றியது.

வளைவு பளிச்சென்று ஆன சமயம் பார்த்துத்தான் சாலையை அகலப்படுத்தும் உத்தரவு வந்தது. பெரிய லாரி வளைவுக்குள் நுழையாது, ஆகவே வளைவு போக வேண்டும். நகராட்சிப் பொறியாளர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த இடத்துக்குப் போய்விட்டவர் மாதிரி இருப்பார். கூட்டம் மொத்தமும் அவர் மேசையைச் சுற்றி நின்றது. கல் கல்லாகப் பிரித்து, சாலைக்கு அந்தப் பக்கம் பூங்கா ஓரத்தில் நாங்களே திரும்பக் கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள்.

"நீங்க கட்டி, அது யார் தலையிலயாவது விழுந்தா நான் பதில் சொல்லணும்" என்றார் பொறியாளர். "எனக்கும் ஆசைதாங்க. ஆனா ரோடு வேலை உங்களுக்காக நிக்காது."

அப்போதுதான் பஞ்சர் அக்கா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"சார், ரோடு ரோலர் என் கடை வாசலுக்கு வர்றதுக்குள்ள வளைவு நிக்கும். ஒரு கல்லு இடம் மாறாம நிக்கும். நிக்கலைன்னா அத்தனை கல்லையும் நீங்களே அள்ளி ரோட்டுக்கு அடியில போட்டுக்கோங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"எழுதிக்கவா?"

"எழுதிக்கோங்க."

வெளியே வந்ததும் மீட்டர் அண்ணன், "ஏம்மா, 'ஒரு கல்லு இடம் மாறாம'ன்னு எதுக்கும்மா சொன்னே? 'நிக்கும்'னு மட்டும் சொல்லியிருக்கலாம்ல?" என்று புலம்பினார். பஞ்சர் அக்கா நேரே கடைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து அந்த ஆணியை அடித்தாள். "வளைவு நின்னதும் படம் இங்க வருது."

பிரிப்பது கஷ்டமாக இல்லை. பழைய சுண்ணாம்புக் காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. கொத்தனார் ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். லாரிப் பட்டறையிலிருந்து சங்கிலிக் கப்பி வந்தது. கல்லின் விளிம்பு சிதையாமல் இருக்க பஞ்சர் அக்கா தன் கடையின் பழைய டியூப்களையெல்லாம் வெட்டி ஒவ்வொரு கல்லுக்கும் கச்சை கட்டினாள். டீச்சர் பெரிய தாளில் வளைவை வரைந்து ஒவ்வோர் இடத்துக்கும் எண் கொடுத்தாள். அதே எண்ணைக் கல்லிலும் போட வேண்டும்.

"பெயின்ட்ல போட்டுடலாம்" என்றார் மீட்டர் அண்ணன்.

கூட்டமே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"ஒரு வருஷமா பல்லு வெளக்கற மாதிரி வெளக்கியிருக்கோம். அது மேல பெயின்டா?" என்றாள் பஞ்சர் அக்கா. "உங்க பொண்ணு கல்யாணத்தன்னிக்கு அது நெத்தியில நம்பர் எழுதுவீங்களா?"

"பின்பக்கமாப் போடலாமே?"

"பின்பக்கம்னா வலிக்காதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிவாகிவிட்டது. பஞ்சர் அக்கா கடையிலிருந்து சாக்பீஸ் டப்பாவைக் கொண்டுவந்தாள். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழ் வருகிற இடத்தில் அவள் வட்டம் போடுகிற அதே சாக்பீஸ். கல்லில் ஒரு கறை படியாது, ஒரு கீறல் விழாது. கல்லை அவ்வளவு நேசிக்காத எவனும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

பூங்கா ஓரத்தில் கற்களை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மழைக்காலம் இல்லை. ஆனாலும் ஒருநாள் பிற்பகலில், அவள் ஒரு வேன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியது. தார்ப்பாய் எழுந்து, கொஞ்ச தூரம் நடந்து, மின்கம்பத்தில் போய் மாட்டிக்கொண்டது. பின்னாலேயே மழை. பஞ்சர் அக்கா கையில் ஸ்பேனரோடு சாலையைக் கடந்து ஓடினாள். கிடைத்த சாக்கு, வேன்காரரின் துண்டு, தன் முந்தானை என்று எதையெதையோ விரித்துப் பார்த்தாள். கற்களின் மேலிருந்து வெள்ளைத் தண்ணீர் மெல்லிய கோடாக வழிந்து சாக்கடையில் கலந்தது. ஓர் எட்டு பாதி அழிந்து மூன்றாகி, மூன்றும் கரைவதை அவள் நின்று பார்த்தாள்.

மறுநாள் எல்லாரும் கூடினார்கள். டீச்சர் வரைந்த படம் பத்திரமாக இருந்தது.

"எடத்துக்கு நம்பர் இருக்கு. கல்லுக்குத்தான் இல்ல" என்றாள் டீச்சர்.

மகள் ஃபோனை நீட்டினாள். "ஃபோட்டோ இருக்கே! வாராவாரம் எடுத்திருக்கேன்." எல்லாரும் தலைகளை ஒன்றாக முட்டிக்கொண்டு பார்த்தார்கள். முதல் படங்களில் வளைவு முழுக்கச் சுவரொட்டி. தேய்த்த பிறகு எடுத்த படங்களில் கூட்டம் மொத்தமும் கல்லை மறைத்துக்கொண்டு, பிரஷைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்றில் மீட்டர் அண்ணன் இரண்டு கைகளையும் வேறு விரித்திருந்தார்.

"அண்ணே, உங்க அகலம் இருக்கே..." என்றார் கொத்தனார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் பஞ்சர் அக்கா கடையில் யாரிடமும் பட்டச் சான்றிதழைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பக்கம் திரும்பினால் ஆணி தெரியும். ஜல்லி லாரிக்காரர்கள் பஞ்சர் ஒட்ட வருவார்கள். "ரோலர் எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பாள். பெட்ரோல் பங்க் தாண்டிடுச்சு என்றான் ஒருவன். பள்ளிக்கூடம் தாண்டிடுச்சு என்றான் அடுத்தவன். தோற்றதுகூடப் பெரிதில்லை. சாக்பீஸ் அவளுடையது, வாக்குக் கொடுத்த வாயும் அவளுடையது. கூட்டத்தில் ஒருவர்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கணவர் எப்போதும் போலக் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தேநீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "கல்லை அப்படியே சேறோட வெச்சிருக்கீங்களே, கழுவியாவது வைங்க" என்றார்.

சும்மா இருக்க முடியாமல்தான் மீண்டும் பிரஷை எடுத்தார்கள். மழை தெறித்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது மீட்டர் அண்ணனின் கை நின்றது.

"இது என் கல்லு."

"எல்லாம் ஒரே மாதிரிதாண்ணே இருக்கு" என்றாள் பஞ்சர் அக்கா.

"இல்லம்மா. மூக்கன் இல்ல, மூக்கனுக்கு எடப்பக்கத்துக் கல்லு. இங்க பாரு, இந்தக் குழியில பிரஷ் மாட்டும். மாட்டறப்பல்லாம் திட்டியிருக்கேன். கெட்ட வார்த்தை." டீச்சர் இருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கை தன்னால அங்க போய் நிக்குது பாரு."

பஞ்சர் அக்கா அவரையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து அடுக்கு முழுவதையும் கையால் தடவிக்கொண்டே நடந்தாள். பாதித் தூரத்தில் அவள் விரல் ஒரு விளிம்பில் வழுக்கி நின்றது. கட்டைவிரலை ஊன்ற ஓர் இடம்! ஒவ்வொரு ஞாயிறும் அங்கே ஊன்றித்தான் தேய்த்திருக்கிறாள்.

"டீச்சர்! மாமியாரைத் தேடுங்க!"

மாமியார் உடனே கிடைத்தது. முகம் அப்போதும் தெளியவில்லை.

அதன் பிறகு ஃபோன்கள் பறந்தன. ஒரு தடவை வந்து தேய்த்துவிட்டு நின்றுபோனவர்கள், வேறு தெருவுக்குக் குடி போனவர்கள், சண்டை போட்டுக்கொண்டு விலகிய மருந்துக்கடைக்காரர், எல்லாரும் வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினார்கள். மருந்துக்கடைக்காரரும் தையல்காரரும் ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"இது என்னோடது!"

"யோவ், ஆறு மாசம் நான் தேய்ச்ச கல்லுய்யா. உன் கை மாத்திரை எண்ணின கை, உனக்கு எப்படித் தெரியும்?"

விசாரித்ததில், மருந்துக்கடைக்காரர் விலகிப் போனதும் தையல்காரர் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருடையதும்தான். டீச்சர் தாளில் இரண்டு பெயரையும் எழுதினாள்.

கொத்தனார் தரையில் வளைவின் முழு அளவுக்குக் கோடு போட்டார். சாக்பீஸால்தான். வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போட்டார். ஒவ்வொரு கல்லையும் அதன்மேல் படுக்கவைத்து, பக்கத்துக் கல்லோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்தார். கையால் செதுக்கிய கற்கள், ஒன்றின் சரிவு இன்னொன்றுக்கு இல்லை. இடம் சரியென்றால் வாய் மூடுகிற மாதிரி பொருந்தும். தப்பென்றால் விரல் நுழைகிற இடைவெளி விடும். ஒவ்வொன்றாக வாய் மூடின.

கடைசியில் இரண்டே கற்கள் மிஞ்சின. வளைவின் இரண்டு கால்களுக்கும் அடியில் இருந்த பெரிய கற்கள். பாதி மண்ணுக்குள் புதைந்திருந்ததால் யாரும் அவற்றைத் தேய்க்கவில்லை. எது இடது, எது வலது? மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க முடியாத கனம்.

"மாத்திப் போட்டா ஒரு விரல்கடை சரியும்" என்றார் கொத்தனார். "கீழ ஒரு விரல்னா உச்சியில ஒரு சாண். உச்சிக் கல்லு உக்காராது."

எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில், ஆலையிலிருந்து பஞ்சர் அக்காவின் கணவர் வந்தார். டிபன் கேரியரைக் கீழே வைத்தார். முதல் கல்லுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார். அசைந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். எழுந்து போய் இரண்டாவதில் சாய்ந்தார். முகம் மாறியது.

"ஆஹா. இதுதான் எடப்பக்கம். இங்க ஒரு சின்ன மேடு இருக்கு. ராத்திரியெல்லாம் நின்னுட்டு வந்தா இடுப்புக்கு அப்படி ஒரு எதமா இருக்கும். இந்தப் பக்கம் வெளியில பாத்து இருக்கணும்."

கொத்தனார் கப்பி போட்டுக் கோட்டில் வைத்துப் பார்த்தார். வாய் மூடியது.

கணவர் எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இப்பச் சொல்லுங்க, யாரு இத்தனை நாளா வேலை செய்யல?"

"போதும், ரொம்ப ஏறாதீங்க" என்றாள் பஞ்சர் அக்கா. ஆனால் அவள் முகத்தில் இருந்ததை மறைக்க முடியவில்லை.

சாலையின் இரைச்சல் கடைக்குக் கேட்கிற தூரத்தில் வந்துவிட்டபோது கட்டத் தொடங்கினார்கள். மரச்சட்டத்தை வளைவாக நிறுத்தி, இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் காரையில் ஒவ்வொரு கல்லாக ஏற்றி, உச்சிக் கல்லைக் கடைசியாக இறக்கினார்கள். காரை இறுகும் வரை கொத்தனார் ஒருவரையும் தொட விடவில்லை. பிறகு ஒரு காலையில் மரச்சட்டத்துக்கு அடியில் இருந்த ஆப்புகளைத் தட்டித் தட்டி எடுத்தார். கடைசி ஆப்பு விழுந்ததும் உள்ளே எங்கோ மெல்ல ஒரு நொறுங்கல் சத்தம். கொஞ்சம் பொடி உதிர்ந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். கல்லெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து மூச்சு விட்டு உட்கார்ந்தன. சட்டத்தை உருவினார்கள். வளைவு நின்றது.

ரோலர் கடை வாசலுக்கு வந்த அன்று பொறியாளரும் வந்தார். பின்னால் காலி லாரி. கல் அள்ளத்தான். வளைவைப் பார்த்ததும் அவர் நடை கொஞ்சம் மெதுவாகியது. டீச்சரின் படத்தை வாங்கி ஒவ்வோர் இடமாக ஒத்துப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கே ஒரு மழை வந்தா தாங்குமான்னு..." என்று இழுத்தபோதே, சொல்லிவைத்த மாதிரி மழை வந்துவிட்டது. பூங்காவில் ஒதுங்க வேறு இடம் இல்லை. கொத்தனார், டீச்சர், மீட்டர் அண்ணன், மருந்துக்கடைக்காரர், தையல்காரர், லாரி ஓட்டுநர் எல்லாரும் வளைவுக்கு அடியில் ஓடி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஃபைலைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு முதலில் ஓடியவர் பொறியாளர்.

பஞ்சர் அக்கா மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டிய டியூபைத் தண்ணீருக்குள் முக்கிவிட்டுப் பார்க்கிற அதே பார்வை. ஒவ்வோர் இடுக்காகக் கண்ணை ஓட்டினாள். மேலே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"சார்."

"சொல்லுங்கம்மா."

"யார் தலையிலயாவது விழும்னீங்களே."

பொறியாளர் மேலே பார்த்தார். தான் எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு நொடி நகரலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஈரக் கையால் பக்கத்துக் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"இது யாரு தேய்ச்சது?"

"அதுதான் சார் மூக்கன்!" என்றார் மீட்டர் அண்ணன், பிள்ளையை அறிமுகப்படுத்துகிற குரலில்.

எதிரே கடை வாசலில் மகள் ஃபோனோடு நின்றாள். "எல்லாரும் தள்ளுங்க! கல்லு தெரியணும்! மறுபடியும் மறைக்கறீங்க!" என்று மழைக்கு மேலே கத்தினாள். அவர்களுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தார்கள். மீட்டர் அண்ணன் வழக்கம்போல இரண்டு கைகளையும் விரித்தார். லாரி ஓட்டுநர் இவர்களெல்லாம் யார் என்றே தெரியாமல் சேர்ந்து சிரித்தார். மகள் படத்தை எடுத்துவிட்டாள்.

அந்தப் படம்தான் இப்போது ஆணியில் தொங்குகிறது. கல் சரியாகத் தெரியாது. தெரிவதெல்லாம் ஆட்கள்தான். மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. விடுமுறையில் வந்தால் அம்மா சாப்பிடப் போகும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்வாள். போன முறை ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வந்த ஒருவர் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டார்.

"யாருங்க இவங்கள்லாம்?"

மகள் காற்றை நிறுத்தினாள்.

"எதிர்ல ஒரு வளைவு இருக்கு பாருங்க. அதைக் கட்டினவங்க. நடுவுல ஒருத்தவங்க மட்டும் கேமராவைப் பாக்காம அண்ணாந்து பாக்கறாங்கல்ல, அதுதான் எங்கம்மா. அந்தக் கல்லுக்கெல்லாம் மொதல்ல சாக்பீஸ்ல நம்பர் போட்டாங்க. ஏன் சாக்பீஸ்னு கேளுங்களேன்..."

வந்தவர் டயரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.